அரை வரியில் உடைந்த குளம்

பழைய ராஜாக்கள் செய்த பிழைகளை வாசிப்பதற்குச் சர்க்கார் எனக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தது. பதினோரு வருஷம் அந்த வேலை பார்த்தேன். உலகத்தில் இப்படி ஒரு உத்தியோகம் உண்டு என்பதை என் மாமனார் கடைசிவரை நம்பவில்லை. மகளை ஒரு சோம்பேறிக்குக் கட்டிக் கொடுத்துவிட்டோம், அவன் வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளிக்கிறான் என்று எண்ணிக்கொண்டே கண்ணை மூடினார்.

திருவனந்தபுரம் கோட்டைக்குப் பக்கத்தில் அந்த ஆபீஸ். இன்ன ஆபீஸ் என்று சொல்லமாட்டேன். பென்ஷன் இன்னும் கைக்கு வரவில்லை. மாடியில் நீளக் கூடம், சுவர் உயரத்துக்கு அலமாரிகள், அலமாரி நிறையச் சுருணைகள். எழுதின பனையோலைகளை நூறு, இருநூறாகச் சேர்த்துக் கட்டிய கட்டுக்கு அங்கே சுருணை என்று பெயர். கோயில் காரியம், அரண்மனைக் காரியம் எல்லாம் எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் அதில்தான் எழுதி வைத்தார்கள். வட்டெழுத்துப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டுமென்று தேடினபோது நாஞ்சில் நாட்டுக்காரன் நான் அகப்பட்டேன். ஓலையில் விளக்குக்கரியைப் பூசி, புல்தைலம் தொட்ட துணியால் துடைத்தால், கீறல்களில் மட்டும் கரி தங்கி எழுத்துத் தெரியும். அதை வாசித்துக் காகிதத்தில் நகல் எழுதவேண்டும். மலையாளத்தில் சொல்கிற மாதிரி பகர்ப்பு என்றுதான் நாங்களும் சொல்வோம். பகர்ப்புகளை வைத்து நாட்டின் பழைய சரித்திரத்தைப் பெரிய புத்தகமாக அச்சடிப்பதாகத் திட்டம். ஒரு பக்கமிருந்து நான் வாசித்துக்கொண்டு வந்தேன். இன்னொரு பக்கமிருந்து செல்லுப்பூச்சி வாசித்துக்கொண்டு வந்தது. அதற்குத்தான் வேகம் அதிகம்.

முதல் வருஷம் எனக்கு ஒரே பரவசம். அரண்மனைச் சோறு சாப்பிட்டவர்கள் ராஜாவைப் புகழ்ந்துதானே எழுதியிருப்பார்கள் என்று நினைத்துப் போனவன் நான். பார்த்தால், ஓலைக்கு ஓலை ராஜாவின் குறைகள். ஒரு ராஜா தீபாராதனைக்கு வராமல் உறங்கிப்போனார். ஒரு ராஜாவின் யானை கோயில் நடையில் நின்று சாமிக்குப் பின்புறத்தைக் காட்டியது. இன்னொருவர் விரத நாளில் மறந்துபோய் வெற்றிலை போட்டுக்கொண்டார். ஒருவர் உள்ளே நிற்கையில் விளக்கு அணைந்தது. அதற்கு மட்டும் நான்கு ஓலை. அடடா, என்ன நெஞ்சுரம் அந்தக் காலத்து எழுத்துக்காரர்களுக்கு என்று வீட்டில் போய் மார்தட்டினேன். நாமெல்லாம் தாசில்தாரைப் பார்த்தால் குடையை மடக்குகிறோம், அவர்கள் ராஜாவின் கொட்டாவியைக்கூட எழுதி வைத்திருக்கிறார்கள் என்றேன்.

என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் கேட்டாள்: "அந்த ராஜாமாரு காலத்தில பஞ்சம் ஒண்ணும் வரல்லியோ?"

வந்திருக்கும் என்றேன்.

"அதையும் எழுதி வச்சிருக்கா?"

நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். பார்த்தேன். அன்றைக்கு ஆரம்பித்தது எனக்கு எரிச்சல். இன்றுவரை அடங்கவில்லை.

பஞ்சம் இல்லை. மாரியம்மன் விளையாடி ஊரே காலியானது இல்லை. மலையிலிருந்து கல் சுமக்கக் கூட்டிக்கொண்டு போனவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்பது இல்லை. ஆற்றைக் கடக்கப் பாலம் கேட்டுக் கேட்டுச் செத்தவர்கள் இல்லை. வெற்றிலை போட்டது இருக்கிறது. அந்த வெற்றிலையில் சுண்ணாம்பு இருந்ததா இல்லையா என்று இரண்டு பண்டிதர்கள் தர்க்கம் பண்ணினதுகூட இருக்கிறது. நான் கையிலிருந்த ஓலையைப் பார்த்து, 'ஓய், உமக்குக் கண் இருந்ததா?' என்று கேட்டேன். பக்கத்து மேஜைக்காரர் தன்னைத்தான் கேட்கிறேன் என்று நினைத்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கொஞ்ச நாளில் சூட்சுமம் பிடிபட்டது. எழுதப்பட்ட பிழை ஒவ்வொன்றும் ஒரே மாதிரி முடிந்தது: பிராயச்சித்தம் செய்து தீர்ந்தது. யார் மந்திரம் சொன்னார், யார் ஹோமம் வளர்த்தார், யார் யார் பந்தியில் உட்கார்ந்தார் என்று முடிவில் வரிசையாக இருக்கும். அந்த வரிசையில் ஓலை எழுதினவரும் இருப்பார். ராஜா விரதத்தை முறித்த அன்று எழுத்துக்காரர் நெய்ப்பாயசம் சாப்பிட்டிருக்கிறார் என்று அர்த்தம். தீர்த்து வைக்க வழியுள்ள பிழை என்றால் அது ஓலையில் ஏறும். ஏறி, கடைசியில் ராஜாவுக்குப் பெருமையாகவே வந்து முடியும். எவ்வளவு பயபக்தியுள்ள மனிதர், ஒரு வெற்றிலைக்கு இத்தனை ஹோமம் செய்தாரே என்று. பசியால் செத்தவனுக்கு என்ன பிராயச்சித்தம் செய்வது? எந்தப் பந்தியில் யார் உட்காருவது? ஆகவே அவன் சாகவில்லை. ஓலையில் இல்லாதவன் எப்படிச் சாவான்?

நெஞ்சுரமாம். அந்த வார்த்தையைச் சொன்ன என் வாயில் நானே போட்டிருக்கவேண்டும்.

எங்கள் மேலதிகாரியைப் பற்றியும் இங்கே சொல்லவேண்டும். அக்கிரகாரத்துக்காரர், தஞ்சாவூரிலிருந்து வந்து மூன்று தலைமுறை ஆன குடும்பம். நல்ல படிப்பு. யாரையும் திட்டமாட்டார், அதுதான் பயமாக இருக்கும். அவருடைய தனிப் பெருமை சமாதானப் புத்தகம். பத்தரை மணிக்கு மேல் ஆபீஸுக்கு வருகிறவன் ஏன் பிந்தினான் என்று அந்தப் புத்தகத்தில் தன் கையால் சமாதானம் எழுதவேண்டும். பக்கத்துக்குப் பக்கம் நம்பர். அடிக்கக்கூடாது, சுரண்டக்கூடாது, கிழிக்கக்கூடாது. மாசம் ஒருமுறை அதை ஓர் எழுத்து விடாமல் பகர்த்தி மேல் ஆபீஸுக்கு அனுப்புவார். அங்கே போய்ச் சேர்ந்தால் அது சர்க்கார் ரிக்கார்டு. எந்தப் பிரஜை ஹர்ஜி கொடுத்தாலும் பகர்ப்புக் கிடைக்கும். மாமியாருக்கு வாந்தி, கோட்டைவாசலில் யானை மறித்தது, வேட்டி கதவில் மாட்டிக்கொண்டது என்று எங்கள் வீட்டு மானம் முழுக்க அதில் காற்றாடியது. ஓலைகளுக்கு மட்டும் அந்த பாக்கியம் இல்லை. சரித்திரப் புத்தகம் அச்சாகும்வரை ஓலையோ அதன் பகர்ப்போ வெளியே போகக்கூடாது. அவர் கையெழுத்தில்லாமல் ஒரு வரி நகராது.

நான் சொல்லவந்தது நடந்த வருஷம், ஆனி மாசம், என் மனைவியின் தம்பி ஊரிலிருந்து வந்தான். வந்தவன் காப்பி குடிக்கும்போதே மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தான். எங்கள் ஊர்க் குளத்தின் கரை பத்து வருஷமாகக் கசிகிறது. நண்டு வளை வைத்து வைத்து, ஆள் கை நுழைகிற பொத்தல் நாலைந்து இருந்தன. ஊர்க்காரர்கள் மண்ணும் வைக்கோலும் அடைத்துப் பார்த்து ஓய்ந்துபோய் மராமத்து ஆபீஸுக்கு ஹர்ஜி எழுதினார்கள். பதில்தான் அந்தக் காகிதம். மூன்று வரி. இது ஊர்க்குளம், சர்க்கார் எக்காலத்திலும் இதன் கரையைத் தொட்டதாக ரிக்கார்டு இல்லை, ஆகவே ஊரார் பார்த்துக்கொள்ள வேண்டியது.

"அத்தான், ஐப்பசி மழை ஒண்ணு வலுத்துப் பெய்தா கரை நிக்காது. கீழ நாப்பது வீடு. அம்மை படுக்கிற அறைக்கும் கரைக்கும் நடுவில ஒரு வேலிதான் பாத்துக்கிடுங்க."

ரிக்கார்டு இல்லை என்கிறார்களே, நீங்கள் ரிக்கார்டு அறையில்தானே குந்தியிருக்கிறீர்கள் என்று அவன் வாய்விட்டுக் கேட்கவில்லை. அவன் அக்காள் கேட்டாள்.

நான் தேடினேன். ஒரு மாசத்துக்கு மேல், எனக்கு ஒதுக்கின சுருணைகளை விட்டுத் தெற்கு ஊர்களின் பேர் அடிபடுகிற சுருணைகளாகப் பார்த்து எடுத்தேன். மேலதிகாரி அந்தப் பக்கம் வந்தால், எழுத்துத் தெரியவில்லை சார் என்று முகத்தைச் சுளிப்பேன். குளம் என்ற பேச்சே இல்லை. குளத்தில் ராஜா குளித்தது உண்டு. குளிக்கும்போது மோதிரம் விழுந்தது உண்டு. அதற்கும் ஹோமம். நான் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தேன்.

கடைசியில், ஒன்றுமில்லை என்று தள்ளிவிடப் போன சுருணையில் கிடைத்தது. ஆறாட்டு ஓலை. சாமி கடலுக்கு நீராட எழுந்தருளும்போது ராஜா வாளேந்தி முன்னால் நடக்கவேண்டும். நம் ஊரில் தெரியாதவர் இல்லை. ஒரு ராஜா தெற்கேயிருந்து வந்தவர் மூன்று நாழிகை பிந்திப்போனார். சாமி நடுவழியில் காத்து நின்றது. குற்றம், பெருங்குற்றம். ஓலையின் இரண்டு பக்கமும் அதற்கான பிராயச்சித்தம். நடுவில், ஏன் பிந்தினார் என்பதற்கு அரை வரி: வரும் வழியில் இன்ன குளம் உடைந்து வழி முழுகிப் போகையால், ஆளிறக்கிக் கரை அடைப்பித்து வரத் தாமதம்.

எங்கள் குளம். அதே பேர். ராஜாவே நின்று, சர்க்கார் ஆளை இறக்கிக் கரையை அடைத்திருக்கிறார். ஊர் முழுகினது குற்றமாக எழுதப்படவில்லை. குற்றத்துக்குச் சாக்காக எழுதப்பட்டிருக்கிறது. எத்தனை வீடு போயிற்று, எத்தனை பேர் போனார்கள், அதெல்லாம் அந்த எழுத்துக்காரருக்கு வேண்டாம். அவருக்கு மூன்று நாழிகைக்குக் கணக்கு வேண்டும். ஆத்திரத்தில் எனக்குக் கண் கலங்கியது. அப்படியும் அந்த மனிதரை அங்கேயே கட்டிக்கொண்டிருப்பேன்.

முறைப்படி பகர்ப்பு எழுதி மேலதிகாரியின் மேஜையில் வைத்தேன். அவர் சிவப்பு மைப் பேனாவை எடுத்தார்.

"ஓய், இது எந்த அத்தியாயத்துக்குப் போறது?"

ராஜாக்களின் சாமிபக்தியைச் சொல்லும் ராஜபக்தி அத்தியாயத்துக்கு என்றேன்.

"ராஜபக்தியில குளம் எதுக்கு? 'வழியில் தடங்கல்'னு போட்டாப் போறும்."

"ஓலையில இருக்கு, சார்."

"ஓலையில இருக்கட்டும். ராஜா தாமதமா வந்தார்னா அது பக்தி. குளம் உடைஞ்சுதுன்னா அது மராமத்து. நம்ம புஸ்தகத்தில மராமத்துக்கு அத்தியாயம் உண்டோ?"

இல்லை என்றேன்.

"இன்னிக்கு ஒரு குளத்தை எழுதினா, நாளைக்கு ராஜ்யத்தில இருக்கிற குளமெல்லாம் இந்த மாடிப்படி ஏறி வரும். மனசிலாச்சோ?"

அரை வரிக்கு மேல் சிவப்புக் கோடு விழுந்தது. என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? எங்கள் ஊர் முழுகப்போகிறது சார் என்று மேஜையைத் தட்டிக் கத்தினேன் என்று எழுத ஆசைதான். 'சரி சார்' என்றேன். சொல்லிவிட்டுப் பின்பக்கமாகவே நடந்து என் நாற்காலியில் மோதி உட்கார்ந்தேன். முந்நூறு வருஷத்துக்கு முந்தின மனிதரிடம் கண் இருந்ததா என்று கேட்டவன், எதிரே இருந்த மனிதரிடம் வாய் திறக்கவில்லை.

சாயங்காலம் ஆபீஸ் முடிகிற நேரம். சுருணையைக் கட்டி அலமாரியில் வைக்கச் சொல்லியாயிற்று. அதற்குள் அந்த ஒரு ஓலையை மட்டும் உருவி, அரை வரியைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொள்ளலாம் என்று மறுபடி கரி பூசினேன். துடைக்கவில்லை, மேலதிகாரி வந்துவிட்டார். அந்த ஓலையை மேஜையிலேயே விட்டிருந்தால் ஒன்றுமில்லை. ஓலை வாசிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆனால் பயந்தவனுக்கு அந்த மாதிரி யோசனை எப்படி வரும்? ஓலையை அப்படியே சட்டைக்குள் சொருகிக் கோட்டுப் பொத்தானைப் போட்டேன்.

ஒரு முழத்துக்குமேல் நீளம். கீழ்முனை வேட்டி முடிச்சில் முட்டியது, மேல்முனை மோவாயில் குத்தியது. குனிய முடியாது, திரும்ப முடியாது. சுசீந்திரத்துத் தூண்சிலை மாதிரி விறைத்து நின்றேன். அவர் ஏதோ கேட்டார். தலையாட்டப் பார்த்தேன், ஓலை குத்தியது. அவர் முகம் மாறியது. "என்னங்காணும், மாரை வலிக்கிறதோ?" என்றார். கை தானாக நெஞ்சில் இருந்தது. ஆமாம் என்று விழித்தேன். பாவம், பதறிப்போனார். அவரே என் தோளைப் பிடித்து மாடியிறக்கி, ஜட்கா கூப்பிட்டு ஏற்றிவிட்டு, நாளைக்கு மெதுவாக வந்தால் போதும் என்றார். மாடியில் சேவகன் அலமாரி பூட்டும் சத்தம் கேட்டது. சர்க்கார் ரிக்கார்டைத் திருடிக்கொண்டு, சர்க்கார் அதிகாரி கைலாகு கொடுக்க, வண்டியேறிப்போன முதல் ஆள் நான்தான். வண்டி குலுங்கும்போதெல்லாம் ராஜா வந்து மோவாயில் இடித்தார்.

வீட்டில் சட்டையைக் கழற்றினபோது முன்புறம் முழுக்கக் கரி. என் மனைவி அதைத்தான் முதலில் பார்த்தாள். போன வாரம்தான் வெளுத்து வந்த சட்டை. ஊரிலிருந்து மறுபடி வந்திருந்த அவள் தம்பி ஓலையைப் பார்த்தான். அரை வரியை வாசித்துக் காட்டினேன். இரண்டு தடவை வாசிக்கச் சொன்னான். பிறகு பாயை விரித்து, குடையைத் தலைமாட்டில் வைத்துப் படுத்துவிட்டான். அந்தக் குடையை நான் சந்தேகப்பட்டிருக்கவேண்டும்.

காலையில் அவனும் இல்லை, ஓலையும் இல்லை.

என் நிலைமையைச் சொல்லவேண்டுமே. ஒரு கால் செருப்பு என்னுடையது, இன்னொன்று மனைவியுடையது என்பது சாலைக் கடைத்தெருவைத் தாண்டின பிறகுதான் தெரிந்தது. அவன் வக்கீல் வீட்டுக்குப் போயிருப்பான் என்று அங்கே ஓடினேன். வக்கீல் பல் தேய்த்துக்கொண்டிருந்தார், அவன் வரவில்லை. ரயிலேறிவிட்டானோ என்று தம்பானூர்ப் பக்கம் பாதி தூரம் ஓடினேன். எங்கள் ஊருக்கு ரயிலே கிடையாது என்பது ஸ்டேஷன் கோபுரத்தைப் பார்த்ததும் நினைவு வந்தது. திரும்பி நாகர்கோவில் பஸ் புறப்படுகிற இடத்துக்கு ஓடினேன். வழியெல்லாம் ஜெயிலில் எனக்கு என்ன வேலை கொடுப்பார்கள் என்ற யோசனை. வட்டெழுத்துப் படிக்கத் தெரிந்த கைதிக்கு அங்கே என்ன உபயோகம்?

பஸ் நின்றுகொண்டிருந்தது. அவன் ஜன்னலோரம், மடியில் மடக்கின குடையோடு உட்கார்ந்திருந்தான். குடையின் வாயிலிருந்து ஓலையின் முனை இரண்டு விரல்கடை நீட்டிக்கொண்டிருந்தது. நான் ஏறிக் குடையைப் பிடித்து இழுத்தேன். அவன் விடவில்லை. பஸ்ஸில் இருந்தவர்கள் குடைக்குச் சண்டை என்று நினைத்து, வானம் தெளிவாகத்தானே இருக்கிறது என்று சமாதானம் சொன்னார்கள்.

கீழே இறங்கி நின்று பேசினோம். இது வெளியே போனதென்று தெரிந்தால் என் வேலை போகும், விலங்கு போடுவார்கள், அதோடு திருட்டு ஓலையை எந்த மராமத்து ஆபீஸும் ருசு என்று ஏற்காது என்றேன்.

அவன் குரலை உயர்த்தவில்லை. "உங்களுக்கு வேலை போகும், அத்தான். எனக்கு ஊரு போகும்."

என் வாய் சும்மா இருக்கிறதா? நம்பர் போட்டு, சர்க்கார் முத்திரையோடு அந்த அரை வரியை உனக்கு வாங்கித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். எப்படி என்று அவன் கேட்டான். அது என் காரியம் என்றேன். சத்தியமாக எனக்குத் தெரியாது. அவன் குடையை விரித்து ஓலையை எடுத்துக் கொடுத்தான். கொடுக்கும்போது அதை ஒரு தடவை தடவினான், கன்றுக்குட்டியைத் தடவுகிற மாதிரி.

ஆபீஸில் நுழையும்போது மணி பதினொன்றேகால். ஓலை மறுபடி சட்டைக்குள், இந்தத் தடவை மோவாய்க்கு இடதுபுறம். மெதுவாக வந்தால் போதும் என்று அவர் சொன்னதெல்லாம் உபசாரம். சமாதானப் புத்தகத்துக்கு உபசாரம் தெரியாது. என் மேஜையில் விரித்து வைத்திருந்தது. பேனாவும் பக்கத்தில்.

நெஞ்சுவலி என்று எழுதினால் முடிந்தது. பேனாவை மையில் தொட்டேன். புத்தகத்தின் பழைய பக்கங்கள் காற்றில் புரண்டன: மாமியார் வாந்தி, யானை, வேட்டி. அடிக்கக்கூடாது, சுரண்டக்கூடாது, கிழிக்கக்கூடாது. பிந்தினவன் ஏன் பிந்தினான் என்று எழுதவேண்டும். ராஜாவும் பிந்தினவர்தானே? அந்த எழுத்துக்காரர் குளத்தை எந்த இடத்தில் எழுதினார்? அவரும் என்னைப்போல நாற்காலியில் மோதி உட்கார்ந்த மனிதராக இருந்திருக்கலாம். அவருடைய மேலதிகாரியும், குளத்துக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டிருக்கலாம். அவ்வளவு திட்டினேனே அவரை.

எழுதினேன். அவசரத்தில் என் எழுத்தே வட்டெழுத்தாக வந்தது. 'நான் முக்கால் மணி பிந்தி வந்தது குற்றம்தான். நேற்று இன்ன நம்பர் சுருணையின் இன்ன ஓலை என் சட்டைக்குள் அகப்பட்டு என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. அதைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்ததில் தாமதம். ஓலைக்கு ஒரு சேதமும் இல்லை என்று ருசுப்படுத்த, அதிலுள்ள வாசகத்தை முழுக்க இதன்கீழ் எழுதுகிறேன்.' முழுக்க எழுதினேன். ஹோமம், பந்தி, நெய்ப்பாயசம், அரை வரி, எல்லாம். ஒன்றரைப் பக்கம் ஆயிற்று. ஓலையை எடுத்துப் புத்தகத்தின்மேல் வைத்து, இரண்டையும் அவர் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன். நெஞ்சு உண்மையாகவே வலித்தது. இனி யார் நம்புவார்கள்?

அவர் வாசித்தார். திரும்ப ஒரு தடவை வாசித்தார். சிவப்பு மைப் பேனாவை எடுத்தார். கோடு கிழிக்கப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"சுருணை நம்பர் தப்பு," என்றார்.

பதற்றத்தில் பக்கத்துச் சுருணையின் நம்பரை எழுதியிருக்கிறேன். அந்த நம்பரோடு போயிருந்தால் எந்த ஆபீஸிலும் அந்த ஓலை அகப்பட்டிருக்காது. ஊர்க்காரன் பொய் சொல்கிறான் என்று ஹர்ஜியைத் தள்ளியிருப்பார்கள். அவர் ஓலையைக் கையில் எடுத்துப் பார்த்து, சரியான நம்பரை என் எழுத்துக்கு மேலே சிவப்பு மையில் எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட்டார்.

"சர்க்கார் ரிக்கார்டை வெளியே கொண்டுபோனது பெரிய குத்தம், ஓய். நான் எழுதித்தான் ஆகணும்."

சரி என்றேன்.

"உம்ம ஊர் எது?"

சொன்னேன். அவர் ஆச்சரியப்படாமல் தலையாட்டினார். அந்தக் குளம் என் ஊருடையதென்று அவருக்கு முன்பே தெரிந்திருந்தது என்பதற்கு வேறு என்ன அடையாளம் வேண்டும்? என் பேருக்கு நேரே சிவப்பு எழுத்தில் நாலு வரி எழுதினார். எழுதி முடித்ததும், போட்டிருக்கிற கோட்டை நாளைக்காவது வெளுக்கப் போடும், கரி ஒட்டியிருக்கிறது என்றார். அவர்மேல் நான் வளர்த்து வைத்திருந்த கோபத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. அவருக்குச் சிவப்புக் கோடு போடவும் தெரிந்தது, அதே மையால் நம்பரைத் திருத்தவும் தெரிந்தது. வாய்விட்டு ஒரு வார்த்தை பேசுகிற தைரியம் மட்டும் எங்கள் இரண்டு பேருக்கும் இல்லை.

மாசக் கடைசியில் சமாதானப் புத்தகத்தின் பகர்ப்பு மேல் ஆபீஸுக்குப் போனது. மைத்துனன் ஹர்ஜி கொடுத்து, முத்திரை வைத்த பகர்ப்பு வாங்கினான். மராமத்துக்காரர்கள் மூன்று வரிப் பதிலை விழுங்கவேண்டி வந்தது. ஐப்பசி பிறக்கப் பத்து நாள் இருக்கையில் குளக்கரையில் கல் இறங்கியது. மழைக்கு முந்தினநாள் வரை அடைத்தார்கள். அந்த வருஷம் மழை வஞ்சமில்லாமல் பெய்தது. கரை நின்றது. என் மாமியார் வேலிக்கு இந்தப் பக்கம் நனையாமல் உறங்கினாள்.

சரித்திரப் புத்தகம் பிறகு அச்சாகி வந்தது, நல்ல கெட்டி அட்டையில். ராஜபக்தி அத்தியாயத்தில், வழியில் தடங்கலால் பிந்திய ராஜா எத்தனை ஹோமம் செய்தார் என்று இரண்டு பக்கம் இருக்கிறது. குளம் இல்லை. எனக்கு வரவேண்டிய உயர்வு இரண்டு தடவை தள்ளிப்போனது, சிவப்பு எழுத்து நாலு வரியால்.

அடுத்த தைமாசம் ஊருக்குப் போனபோது குடும்பத்தோடு கரையைப் பார்க்கப் போனோம். மடைக்குப் பக்கத்தில் புதுக் கல் ஒன்று நட்டு, எழுத்து வெட்டியிருந்தார்கள். குடிகளின் நலம் கருதி, சர்க்கார் தானே முன்வந்து இந்தக் கரையைக் கட்டியதாக. பத்து வருஷக் கசிவு இல்லை. ரிக்கார்டு இல்லை என்று எழுதின மூன்று வரி இல்லை. நண்டு வளையில் மண் அடைத்தவர்கள் இல்லை. எனக்கு மறுபடி ஏறியது. இதை எழுதினவன் கையை ஒடிக்கவேண்டும், இவனுக்குக் கண் இருந்ததா என்று கரைமேல் நின்று கத்தினேன். பக்கத்தில் மராமத்து மேஸ்திரி வருவதைப் பார்த்ததும், நல்ல கல், நல்ல வேலைப்பாடு என்று முடித்துக்கொண்டேன்.

மேஸ்திரி போனபிறகு என் மனைவி கேட்டாள். "அப்ப, நீங்க சட்டையைக் கரியாக்கினது மட்டும்தான் எழுத்தில இருக்கு, அல்லே?"

ஆமாம் என்றேன். சமாதானப் புத்தகத்தில் அதன் பக்க நம்பரையும் சொன்னேன்.